கிளட்சைத் திணிக்காதீர்கள்!

கடலூர் முதுநகரில் தொடங்கி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரைக்கும் போகிறது ஒரு சாலை. இந்தச் சாலையோரத்தில் ஏதாவது ஒரு ஒர்க் ஷாப்பில், பத்து வயசான ஓர் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டு போய் நிறுத்துங்கள். "கியர் மாறும்போது உதறுது" என்று சொல்லுங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

"பேசாம மேனுவலா மாத்திடுங்க சார். ஒரே செலவு. தலைவலி விட்டுச்சு."

கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! ஆனால் இந்த வாக்கியத்தைப் போல இந்த ஊர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்களை ஏமாற்றும் வாக்கியம் வேறு இல்லை. சொல்கிற மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் நல்ல மனிதர், கைத்தொழில் தெரிந்தவர், மனசறிந்துதான் சொல்கிறார். அவரையே யாரோ ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்பதுதான் விஷயம். அதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

முதலில், இந்தப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் யார்? காலேஜ் பசங்களின் கேலியில் அது 'ஓட்டத் தெரியாதவங்க வண்டி'. நிஜத்தில் அது முழங்கால் தேய்ந்தவர்களின் வண்டி. ஐம்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கத் துணிந்த அம்மாக்களின் வண்டி. சிதம்பரத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனவர். இந்தியாவில் கடைசியாக போலியோ கண்டது 2011 ஜனவரியில், போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது 2014 மார்ச்சில். அதற்கு முன்னால் பிறந்து, அந்த நோயோடு வளர்ந்து, இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வாத்தியார் முப்பது வருஷம் சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போனவர். ரிடையர் ஆன பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, புதுச்சேரியில் பழைய கார் ஒன்று வாங்குகிறார். பி.ஒய். நம்பர். வண்டியில் இரண்டே பெடல். வலது கால் ஒன்று போதும். வீட்டம்மாவை உட்கார வைத்து ஜிப்மருக்கு அவரே ஓட்டிக்கொண்டு போகிறார். அறுபது வயதில் முதல் முறையாக மழையில் நனையாமல் போகிறார், சும்மாவா!

இரண்டு வருஷம் கழித்து கியர் உதறுகிறது. "மேனுவலா மாத்திடலாம் சார்" என்கிறார்கள். "தம்பி, எனக்கு இடது கால் வராதேப்பா" என்கிறார் வாத்தியார். "அப்ப ஒரு டிரைவர் போட்டுக்கலாம் சார்."

பார்த்தீர்களா? மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று கடைக்குப் போனவரிடம், "கண்ணாடி எதுக்கு சார், படிச்சுக் காட்ட ஒரு ஆளை வெச்சுக்கங்க" என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

சரி, பெட்டி ஏன் கெடுகிறது? ஆட்டோமேட்டிக் என்றால் ஏதோ விண்வெளிச் சமாச்சாரம் என்ற பயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழு ஆட்டோமேட்டிக் கியரை விற்க ஆரம்பித்துவிட்டது. தாத்தா காலத்துச் சரக்கு. அப்புறம் வந்த டார்க் கன்வர்ட்டர் என்பது, எளிமையாகச் சொன்னால், எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய். அவ்வளவுதான். அதன் பின்னால் இருக்கும் கியர்களையும் எண்ணெயின் அழுத்தம்தான் பிடித்து விடுகிறது. ஆக, அந்தப் பெட்டியின் உயிர் எண்ணெயில் இருக்கிறது.

அந்த எண்ணெயை நாம் என்ன செய்கிறோம்? மாற்றுவதே இல்லை. 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்று சில கம்பெனிகள் எழுதியே கொடுத்திருக்கின்றன. யாருடைய ஆயுள் என்றுதான் எழுதவில்லை. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் மாலை ஆறு மணிக்கும், சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளில் ஆனித் திருமஞ்சன சமயத்திலும் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் அந்த எண்ணெய் கொதித்துக் கருகுவதைப் பற்றி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கையேடு எழுதியவருக்கு என்ன கவலை?

மாற்றினாலும் சரியானதை ஊற்றுகிறோமா? 'சிவப்பா இருந்தா அது ஆட்டோமேட்டிக் ஆயில்' என்பது பல இடங்களில் நடைமுறை. 2000-களின் நடுவில் வந்த ஹோண்டா சிட்டி சிவிடி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல் சக்கர கியர்கள் அடுக்கடுக்காகக் கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவில் ஓர் எஃகு பெல்ட், கிளம்பும்போது பிடிக்க ஒரு தனி கிளட்ச். அதற்கென்றே தனி எண்ணெய். அதில் சாதாரண சிவப்பு எண்ணெயை ஊற்றினால் கிளம்பும்போது வண்டி மாடு உடம்பைச் சிலிர்ப்பது போலச் சிலிர்க்கும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு உரிய எண்ணெயை ஊற்றினாலே அடங்கக்கூடிய உதறலுக்குக்கூட, பெட்டியையே பிடுங்கிப் போடும் வைத்தியம் நடக்கிறது.

இந்த மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. வெள்ளம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015 நவம்பர், டிசம்பரில் மாவட்டமே மிதந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. கழுத்தளவு நின்ற காரில் தண்ணீர் எந்த வழியாகப் பெட்டிக்குள் போகும் தெரியுமா? பெட்டி மூச்சு விடுவதற்கென்று மேலே ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள், அந்த வழியாக. உள்ளே போன தண்ணீரும் சிவப்பு எண்ணெயும் கலந்தால் வடிக்கும்போது அப்படியே ரோஸ் மில்க்! உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகள் காகிதம் போன்ற பொருளால் ஆனவை, பசை போட்டு ஒட்டியவை. தண்ணீர் பட்டால் ஊறும், ஊறினால் உரியும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய், எண்ணெயை வடித்து, கழுவி, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் நம் ஆட்கள் வெள்ளம் வடிந்ததும் முதலில் செய்வது என்ன? சாவியைப் போட்டு, "ஓடுதான்னு பாப்போம்". அதோடு கதை முடிந்தது. பிறகு ஒரு மாதம் கழித்து 'ஆட்டோமேட்டிக்கே இப்படித்தான்' என்று பெயர்.

இப்போது அந்த 'ஒரே செலவு' கணக்கைப் பார்ப்போம். மேனுவலாக மாற்றுவது என்றால் கியர் பெட்டியைக் கழற்றி வேறு பெட்டியை மாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. எஞ்சினின் பின்பக்கம் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஒரு மெல்லிய தகட்டு வளையம். அதை எடுத்துவிட்டு கனமான ஃப்ளைவீல் போட வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். இரண்டு பெடல் இருக்கிற இடத்தில் மூன்று பெடல் வர வேண்டும் என்பதால் பெடல் செட்டையே மாற்ற வேண்டும். கிளட்ச்சுக்கு கேபிள், அல்லது எண்ணெய் சிலிண்டர் இரண்டு. கியர் லீவர், அதன் கேபிள்கள். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் பல மாடல்களில் இரண்டு வகைக்கும் ஒன்றல்ல, நீளமோ பல் எண்ணிக்கையோ மாறும். பெட்டியைத் தாங்கும் மவுன்ட்டும் அப்படித்தான். இதெல்லாம் இரும்பு வேலை. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், செய்துவிடுவார்கள்.

அப்புறம் மூளை வேலை. ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்'-ல் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதைக் கண்காணிக்கும் சுவிட்ச் பெட்டியின் மேலேயே இருக்கிறது. பெட்டி போனால் சுவிட்சும் போகும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. என்ன செய்வது? இரண்டு ஒயரை முறுக்கி ஷார்ட் செய்துவிடுவது! இனி எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வண்டி எப்போதும் பார்க்கிங்கில்தான் நிற்கிறது, கொத்தட்டை டோல்கேட்டில் தொண்ணூறில் போனாலும். கியர் பெட்டிக்கென்று இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் பதில் சொல்லாததால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவே அணையாது. சில வண்டிகள் பயந்துபோய் எஞ்சின் வேகத்தையே அடக்கிக்கொள்ளும். முறையாகச் செய்ய வேண்டுமானால் மேனுவல் வண்டியின் கம்ப்யூட்டரைக் கொண்டுவர வேண்டும், அதைச் சாவியோடு பழக்க வேண்டும். மஞ்சள் விளக்கை எப்படி அணைப்பது என்று கேட்டால், "பல்பைக் கழட்டிடலாம் சார்" என்று வருகிற பதில்தான் இந்த மொத்த வைத்தியத்தின் லட்சணம்.

இந்தச் சாமான்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? சென்னை புதுப்பேட்டையிலிருந்து. உடைத்துப் பிரித்த வண்டிகளின் பாகங்கள். இங்கேதான் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய மேனுவல் பெட்டி கிடைக்கிறது என்றால், அதே மாடலின் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டி ஏன் கிடைக்காது? விபத்தில் முன்பக்கம் நொறுங்கி உடைப்புக்கு வந்த ஆட்டோமேட்டிக் வண்டியின் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். அதைப் போட்டால் பெடல் மாற்ற வேண்டாம், ஒயர் முறுக்க வேண்டாம், கம்ப்யூட்டர் தேட வேண்டாம். வாத்தியார் வாத்தியாராகவே வண்டி ஓட்டலாம். "பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு என்ன கேரண்டி சார்?" என்பார்கள். பழைய மேனுவல் பெட்டிக்கு மட்டும் என்ன கேரண்டி எழுதிக் கொடுத்தார்கள்?

ஆட்டோமேட்டிக் என்றாலே கஷ்டம் என்கிற வாதத்துக்கு வருவோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவுக்குத் தெரு ஆட்டோமேட்டிக் வண்டி நிற்கிறது. அதன் பெயர் ஆக்டிவா. ஸ்கூட்டி. ஜூபிடர். எல்லாமே சிவிடி. இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட், தானே பிடிக்கும் கிளட்ச். கொள்கை அளவில் அந்த ஹோண்டா சிட்டிக்குள் இருக்கிற அதே சமாச்சாரம். 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்ததிலிருந்தே இந்த நாட்டில் ஓடுகிறது. பெல்ட் தேய்ந்த ஆக்டிவாவைக் கொண்டு போனால் எந்த மெக்கானிக்காவது, "அக்கா, இதைப் பேசாம கியர் வண்டியா மாத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறாரா? மாட்டார். பெல்ட், ரோலர், கிளட்ச் எல்லாம் பக்கத்துக் கடையிலேயே தொங்குகின்றன. பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன் மாட்டிக் கொடுத்துவிடுவான். ஆக, பிரச்சினை மெக்கானிக்கின் மூளையில் இல்லை, தொழில்நுட்பத்திலும் இல்லை. சாமானும் தகவலும் கையில் கிடைத்தால் அதே கை எதையும் சரி செய்யும்.

கார் விஷயத்தில் அந்தச் சாமானையும் தகவலையும் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? இதற்குத் தீர்ப்பே இருக்கிறது. 2011-ல் ஒரு கார்க்காரர் கொடுத்த புகாரிலிருந்து, இந்தியப் போட்டி ஆணையம் விசாரணையை ஆரம்பித்தது. முதலில் மூன்று கம்பெனிகள், பிறகு விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25-ல் மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா உள்பட 14 கம்பெனிகள் மீது மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். ஆணையம் சொன்ன குற்றம் என்ன? அசல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்யவும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மூன்று கம்பெனிகளின் வழக்கில், அபராதத்தை உதிரிபாக விற்பனைக் கணக்குக்கு மட்டும் சுருக்கியது. தப்பு நடந்தது என்பதை மாற்றவில்லை.

இதற்கும் புதுச்சத்திரம் ஒர்க் ஷாப்புக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். ஆன்லைனில் தீப்பெட்டி சைஸில் ஒரு ப்ளூடூத் ரீடர் கிடைக்கிறது, வண்டியில் செருகினால் போனில் கோளாறு எண் வரும். ஆட்டோமேட்டிக் கெட்டால் வருகிற பொது எண் பி0700. அதன் அர்த்தம் இவ்வளவுதான்: 'கியர் கம்ப்யூட்டரிடம் ஏதோ குறை இருக்கிறது, அதைப் போய்க் கேள்.' அந்தக் கியர் கம்ப்யூட்டரோ அந்தத் தீப்பெட்டியோடு பேசாது. அதற்கேற்ற கருவி வேண்டும். கருவி இல்லாத மெக்கானிக் இருட்டறையில் நிற்கிறார். ஐந்து நிமிஷத்தில் மாற்றக்கூடிய ஒரு சென்சாரா, ஒரு சோலினாய்டு வால்வா, பெட்டியே போய்விட்டதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாதபோது மனிதன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததற்கு மாற்றிவிடுவான். மேனுவல் அவருக்குத் தெரியும்.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவோடு வந்து, சின்ன கார்கள் முழுக்கப் பரவிய ஏஎம்டி விஷயத்தில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போகிறது. ஏஎம்டி என்பது தனி ரகப் பெட்டியே அல்ல. அதே பழைய மேனுவல் பெட்டி, அதே கிளட்ச். இடது காலுக்கும் இடது கைக்கும் பதிலாக ஒரு சின்ன இயந்திரக் கை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றலாம், எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலை. ஆனால் மாற்றிய பிறகு, புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அந்த இயந்திரக் கைக்குக் கருவி வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி முட்டும். முட்டுகிற வண்டிக்குக் கிடைக்கும் வைத்தியம்? இயந்திரக் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெடல் வைப்பது! கணினியில் ஒரு பட்டனை அழுத்த அனுமதி இல்லாததால் ஒரு வண்டியின் கையை வெட்டுகிறார்கள்.

'மேனுவல்னா மைலேஜ் ஜாஸ்தி' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: செலேரியோ வந்தபோது மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் சான்றளித்த மைலேஜ் ஒன்றே, லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். அடுத்த வாதத்துக்குப் போகலாம்.

அடுத்த வாதம் 'ஆண்மை' வாதம். கியர் போட்டு ஓட்டுவதுதான் டிரைவிங், மற்றதெல்லாம் பொம்மை கார். ஹாஸ்டல் மொட்டை மாடிகளில் நள்ளிரவில் நடக்கும் விவாதம் இது. வெளிநாட்டில் பழைய ஃபெராரி வைத்திருப்பவர்கள்கூட ஆட்டோமேட்டிக்கைப் பிடுங்கிவிட்டு மேனுவல் போடுகிறார்கள் என்று யூடியூபிலிருந்து ஆதாரம் காட்டுவார்கள். உண்மைதான், போடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டுவது ஒரு விளையாட்டு, அதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள், மாற்றிய வண்டிக்கு விலையும் கூடுகிறது. இஷ்டப்பட்டு மாற்றுகிறவரோடு யாருக்கும் சண்டை இல்லை. இங்கே நடப்பது இஷ்டம் இல்லை, வேறு வழி இல்லை என்று நம்ப வைப்பது. அப்புறம், கிளட்ச் மிதிப்பதில் அவ்வளவு வீரம் இருந்தால், நாள் முழுக்க மிதித்து இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்ட பஸ் டிரைவரிடம் போய்க் கேளுங்கள். சென்னையில் 2025 ஜூன் கடைசியில் ஓட ஆரம்பித்த மின்சார மாநகரப் பேருந்துகளில் கிளட்ச் கிடையாது. அவற்றை ஓட்டுகிறவர்கள் டிரைவர்கள் இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதே இல்லை, அதனால் சொல்லியாக வேண்டும். "ஆர்சி புக்குல கியர்னு ஒரு காலமே கிடையாது சார், யாருக்கும் தெரியாது" என்பது வழக்கமான சமாதானம். காலம் இல்லாமல் இருக்கலாம். மாடல் என்று ஒரு காலம் இருக்கிறது. அதில் பல வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் ரகத்தின் பெயரே அச்சாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவு விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத்திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளருக்கு! மாற்றச் சொன்னது ஒருவர், மாற்றியது இன்னொருவர், மாட்டுவது வாத்தியார். ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால், ஆட்டோமேட்டிக் என்று பாலிசியில் எழுதிய வண்டியில் மூன்று பெடலைப் பார்த்து அவர் என்ன எழுதுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று. அதே 52-வது பிரிவு, மாற்றுத்திறனாளியின் உபயோகத்துக்காக வண்டியை மாற்றி அமைத்துப் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வழி விட்டிருக்கிறது. அதாவது வாத்தியாருக்காக மூன்று பெடலை இரண்டாக்கச் சட்டம் உதவுகிறது. ஒர்க் ஷாப் வாத்தியாரின் இரண்டு பெடலை மூன்றாக்குகிறது.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுப் பெட்டிக்குச் சொல்கிற விலை சில சமயம் அந்தப் பழைய காரின் விலையையே தாண்டிவிடுகிறது. உள்ளே ஒரு வால்வு போனாலும் முழுப் பெட்டியாகத்தான் தருவோம் என்கிற இடங்களும் உண்டு. அந்த விலைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற ஆளுக்கு, பாதிக்கும் கீழே முடித்துத் தருகிறேன் என்று சொல்கிற மெக்கானிக் தெய்வமாகத்தான் தெரிவார். கிளட்ச் மிதிக்க முடிகிறவர், மேனுவல் ஓட்டிப் பழகியவர், ஒரே மாடல் மேனுவல் வண்டியின் முழு செட்டும் கிடைத்து, பதிவு அதிகாரியிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முறையாகச் சொல்லி அனுமதியோடு மாற்றினால், போகட்டும். ஆனால் அந்த விலைச் சீட்டு வானத்திலிருந்து விழுந்ததல்ல. போட்டியே இல்லாத கடையில் விலை அப்படித்தான் இருக்கும். மெக்கானிக்கோடு சேர்ந்து கோபப்பட வேண்டிய இடம் அது.

கோபப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு, கம்பெனி டீலருக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் விற்றாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கேயும் 2022 ஜூலையில் நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. ஆட்டோமொபைலும் அதன் பட்டியலில் உண்டு. அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் திறந்தார்கள். தளம் திறந்தால் பெட்டி திறக்குமா?

இன்னொரு இடத்திலும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடியில் புதுப்பித்தார்கள். ரோபோ வந்தது, மின்சார வாகனப் பாடம் வந்தது, மகிழ்ச்சி. குறுக்கே வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி வைத்த ஓர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி நம் மாவட்டத்து ஐடிஐ மேசைகளில் எத்தனை இருக்கிறது? பல கம்பெனி வண்டிகளோடு பேசக்கூடிய ஸ்கேன் கருவி ஒன்றை வாங்கி, சனிக்கிழமை தோறும் சுற்றுவட்டார மெக்கானிக்குகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன குறைந்துவிடும்? அண்ணாமலை நகரில் மெக்கானிக்கல் படித்து, கிரக கியர் கணக்கைப் பரீட்சையில் போட்டு மார்க் வாங்கி வெளியே வருகிற நண்பர்களே, அந்தக் கணக்கின் நிஜ உருவம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஒர்க் ஷாப்பில் எடைக்குப் போகக் காத்திருக்கிறது. ஒரு நாள் போய்ப் பிரித்துப் பாருங்கள். மெக்கானிக் டீ வாங்கித் தருவார், நிச்சயம்.

அதுவரைக்கும், உதறுகிற ஆட்டோமேட்டிக் வண்டியோடு நிற்பவர்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். கருகிய வாடை வருகிறதா, ரோஸ் மில்க்காக இருக்கிறதா, சும்மா பழசாகிவிட்டதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். கையேட்டில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். கியர் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி வைத்திருக்கும் ஆளைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ தேடிப் பிடித்து, அந்த எண்ணைக் காகிதத்தில் வாங்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெட்டி நிஜமாகவே போய்விட்டது என்றால், அதே மாடல் பழைய ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் மீறி மேனுவலாக மாற்றியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால், கழற்றிய பெட்டியையும், அதன் கம்ப்யூட்டரையும், அந்தச் சுவிட்சையும், பெடலையும் ஒர்க் ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். எடைக்குப் போட்டால் அற்பக் காசுதான் வரும். ஒரு சாக்கில் கட்டி, மாடிப்படிக்குக் கீழே, வெள்ளம் ஏறாத உயரத்தில் வைத்துவிடுங்கள். வாத்தியார் மாதிரி யாராவது ஒருவர் அதைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்.